2 அங்குலம் உயர்த்திய ஜிம்னிக்கு எந்த டயர்? 215/75 ஆர்15, 235/75 ஆர்15 அளவுகளின் மதிப்புரை

மாருதி சுசுகி ஜிம்னிக்கு 2 அங்குல லிஃப்ட் கிட் பொருத்தியவர்கள் எல்லோரும் அடுத்ததாக, இப்போது எவ்வளவு பெரிய டயர் போடலாம் என்றுதான் கேட்கிறார்கள். வீல் ஆர்ச்சுக்குள் எது நுழையும் என்பதை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்லும் கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் டயரின் அளவைத் தீர்மானிப்பதில் வீல் ஆர்ச்சின் இடைவெளிக்குக் கடைசி இடமே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரிம்மின் அகலம், ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது டயருக்கு உட்புறம் கிடைக்கும் இடம், எஞ்சினின் இழுவிசை, வண்டியின் எடை ஆகிய நான்கும் அதற்கு முன்னால் நிற்கின்றன. என் வண்டியில் பொருத்திய 215/75 ஆர்15 டயர்களையும், அதே லிஃப்ட் கிட் உள்ள நண்பர் ஒருவரின் ஜிம்னியிலிருந்து ரிம்மோடு வாங்கி மாட்டிய 235/75 ஆர்15 டயர்களையும் ஒரே வண்டியில் ஓட்டிப் பார்த்து இதை எழுதுகிறேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லா நிலத்துக்குமான) வகை என்பதால், நான் கண்ட வேறுபாடுகள் பெரும்பாலும் அளவினாலும் அந்த அளவு கேட்கும் ரிம்மினாலும் வந்தவை. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவைப்படவில்லை.

2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னி, 195/80 ஆர்15 அளவுள்ள எச்.டி. (ஹைவே டெரெய்ன், நெடுஞ்சாலைக்கான) டயர்களோடு வருகிறது. 195 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கிறது. 15 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். ஆகவே பக்கச்சுவரின் உயரம் 156 மி.மீ., டயரின் மொத்த விட்டம் 693 மி.மீ. இதே கணக்கைப் போட்டால் 215/75 ஆர்15 டயரின் விட்டம் 703.5 மி.மீ. என்றும், 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733.5 மி.மீ. என்றும் வருகிறது. முதலாவது மூல அளவைவிட 1.5 விழுக்காடும், இரண்டாவது 5.8 விழுக்காடும் பெரியவை. டயரின் பக்கச்சுவரில் இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்த படிகளைப் போலத் தோன்றினாலும், விட்டத்தில் பார்த்தால் முதல் படி 10.5 மி.மீ., இரண்டாவது படி 30 மி.மீ. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

லிஃப்ட் கிட் எதை உயர்த்துகிறது, எதை உயர்த்துவதில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு). காயில் ஸ்பிரிங்கின் மேல் சேஸிஸ் உட்கார்ந்திருக்கிறது. நீளமான ஸ்பிரிங்கைப் போடும்போது சேஸிஸ், பாடி, பம்பர் ஆகியவை மேலே போகின்றன. அதனால் பாறையின் மேல் ஏறும்போது முன் பம்பர் இடிக்காமலும், மேட்டைக் கடக்கும்போது நடுவயிறு தட்டாமலும் போக முடிகிறது. ஆனால் ஆக்சிலும் அதன் நடுவே தொங்கும், கியர்கள் அடங்கிய கூடான டிஃபரன்ஷியல் ஹவுசிங்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. லிஃப்டுக்காக எவ்வளவு செலவு செய்தாலும் அந்த ஹவுசிங் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடிய அளவில் பாதிதான். 215/75 போட்டால் ஹவுசிங்குக்கு 5 மி.மீ. கிடைக்கிறது, 235/75 போட்டால் 20 மி.மீ. கிடைக்கிறது. இரண்டு அளவுகளுக்கும் இடையே களத்தில் உண்மையாகக் கிடைக்கும் லாபம் இந்த 15 மி.மீ. தான். லாரித் தடங்கள் ஆழமாகப் பதிந்து நடுவில் மேடு எழுந்த தோட்டப் பாதைகளில் அந்த 15 மி.மீ. ஹவுசிங்கைத் தப்பவைத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்கு வண்டி கொடுக்கும் விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

2 அங்குலம் உயர்த்திவிட்டதால் டயர் எங்கும் உரசாது என்று பலர் நம்புகிறார்கள். சமதரையில் நிற்கும்போது அது சரி. ஒரு சக்கரம் பாறையின் மேலும் எதிர்ச்சக்கரம் பள்ளத்திலுமாக வண்டி முறுக்கிக்கொள்ளும்போது, மேலே இருக்கும் சக்கரத்தின் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி, ஆக்சில், அதை மேலும் ஏறவிடாமல் நிறுத்தும் கட்டையான பம்ப் ஸ்டாப்பைப் போய்த் தொடுகிறது. பம்ப் ஸ்டாப் பழைய உயரத்திலேயே இருந்தால், லிஃப்ட் செய்வதற்கு முன்பு டயர் வீல் ஆர்ச்சுக்குள் எவ்வளவு தூரம் ஏறியதோ அதே தூரம்தான் இப்போதும் ஏறும். அதாவது, லிஃப்ட் கிட்டோடு நீட்டிக்கப்பட்ட பம்ப் ஸ்டாப்பும் வந்தால்தான் பெரிய டயருக்கு உண்மையான பாதுகாப்பு. கடையில் விலை கேட்கும்போது முதலில் கேட்க வேண்டிய பொருள் இதுவே. பெரும்பாலான விலைப்பட்டியல்களில் இது தனியாகச் சேர்க்க வேண்டியதாக இருக்கிறது. 215/75 டயருக்கு இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. லிஃப்ட் இல்லாத ஜிம்னியிலேயே அது பொருந்திவிடுகிறது. 235/75 டயரோ, முன்பக்கத்தில் பம்பரின் பின்விளிம்பையும் அதன் உட்புறப் பிளாஸ்டிக் உறையையும் தேடிப்போய்த் தொடுகிறது. சக்கரத்தை முழுவதும் ஒடித்துக்கொண்டு ஒரு பக்கம் ஏறும்போது அந்த உரசல் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. பம்பரின் ஓரத்தை வெட்டிச் சீர்செய்தால் அது தீரும். வெட்ட மனமில்லாதவர்கள் இந்த அளவைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது ரிம். விற்பனையாளர்கள் மிகக் குறைவாகப் பேசுகிற, ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை மிக முக்கியமான பொருள் இதுதான். ஜிம்னியோடு வரும் ரிம்மின் அகலம் 5.5 அங்குலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகலத்திலிருந்து எந்த அகலம் வரையுள்ள ரிம்மில் அதை ஏற்றலாம் என்று டயர் தயாரிப்புத் தரநிலைகள் வரையறுத்திருக்கின்றன. 215/75 ஆர்15 டயருக்கு அந்த வரம்பு 5.5 அங்குலத்தில் தொடங்குகிறது. ஆகவே நிறுவனத்தின் ரிம்மையே வைத்துக்கொள்ளலாம். 235/75 ஆர்15 டயருக்கு வரம்பு 6 அங்குலத்தில்தான் தொடங்குகிறது. அதை 5.5 அங்குல ரிம்மில் ஏற்றித் தருகிற கடைகள் இருக்கின்றன. மெஷினில் ஏறிவிடும், காற்றும் நிற்கும். ஆனால் குறுகிய ரிம்மில் அகன்ற டயரின் பக்கச்சுவர்கள் உட்பக்கமாகச் சாய்ந்து, டயர் நடுவில் புடைத்து, வளைவுகளில் வண்டி பக்கவாட்டில் ஆடுகிறது. காற்றைக் குறைத்து ஓட்டும்போது பீடு (ரிம்மில் பதியும் டயரின் உள்விளிம்பு) ரிம்மைவிட்டு நழுவும் ஆபத்தும் கூடுகிறது. எனவே 235/75 வேண்டும் என்றால், அந்தச் செலவுக் கணக்கில் ஐந்து புதிய ரிம்களின் விலையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

ரிம்மை மாற்றினால் ஆஃப்செட் என்னும் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். ரிம்மின் மையக்கோட்டுக்கும் அது ஹப்பில் (சக்கரம் பொருத்தப்படும் மையப் பகுதியில்) உட்காரும் பரப்புக்கும் உள்ள தூரமே ஆஃப்செட்; டயர் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஜிம்னியின் மூல ரிம்மில் அது கூட்டல் 5 மி.மீ. அதன்படி மூல டயர் ஹப்பின் பரப்பிலிருந்து உட்பக்கம் 102.5 மி.மீ., வெளிப்பக்கம் 92.5 மி.மீ. நீள்கிறது. 235 மி.மீ. அகலமுள்ள டயரை ஆஃப்செட் 0 உள்ள 6.5 அங்குல ரிம்மில் போட்டால் இரு பக்கமும் 117.5 மி.மீ. வருகிறது: உள்ளே 15 மி.மீ. கூடுதல், வெளியே 25 மி.மீ. கூடுதல். உட்பக்கம் கூடிய அந்த 15 மி.மீ. தான், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயரை, முன் ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்ம் மீது உரச வைக்கிறது. அதைத் தவிர்க்க ஆஃப்செட்டைக் கழித்தல் 15 வரை கொண்டுபோனால் டயர் மூல அளவைவிட வெளியே 40 மி.மீ. நீட்டிக்கொள்ளும்; சேறும் கல்லும் கதவில் அடிக்கும், வீல் பேரிங்குக்கும் ஸ்டீயரிங் இணைப்புகளுக்கும் பளு கூடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்துகொண்டு, ஸ்டீயரிங் ஸ்டாப்பரைச் சற்றே நீட்டி, திருப்பு வட்டம் கொஞ்சம் பெரிதாவதை ஏற்றுக்கொள்வதே நடைமுறை. குறுகிய கொண்டை ஊசி வளைவுகளில் இந்த இழப்பு உடனே தெரிகிறது. மூல ரிம்மிலேயே 215/75 போட்டபோது உட்பக்கம் கூடியது அதிகபட்சம் 10 மி.மீ. மட்டுமே, எந்த நிலையிலும் அது எதையும் தொடவில்லை.

இனி ஓட்டம். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது ஏறத்தாழ 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் இழுவிசை. வண்டி ஏறத்தாழ 1,200 கிலோ மட்டுமே எடையுள்ளது என்பதால் இது போதுமானதாக இருக்கிறது. தாராளமானது என்று சொல்ல முடியாது. டயரின் விட்டம் 5.8 விழுக்காடு கூடும்போது, எல்லா கியர்களும் ஒரே நேரத்தில் அந்த அளவுக்கு நீண்டுவிடுகின்றன. அதே கியரில் அதே எஞ்சின் சக்கரத்தின் விளிம்பில் தரும் தள்ளுவிசை ஏறத்தாழ 5.5 விழுக்காடு குறைகிறது. டயரின் எடை கூடுவது தனி: ஏ.டி. டயரும் அகன்ற ரிம்மும் சேர்ந்து ஒவ்வொரு சக்கரத்திலும் சில கிலோ ஏற்றுகின்றன. சுழலும் எடை என்பதால் அதன் பாதிப்பு வண்டிக்குள் வைத்த சாமானைவிட அதிகம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறும்போது, 215/75 டயரில் இரண்டாம் கியரில் வளைவைவிட்டு வெளியே வந்த இடங்களில் 235/75 டயரில் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. முதல் கியரில் எஞ்சின் இரைய, இரண்டாம் கியரில் திணற, இடையில் பொருத்தமான ஒரு கியர் இல்லாமல் போனது போன்ற உணர்வு ஏற்றம் முழுவதும் இருந்தது.

ஏற்றத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கைச் சூடாக்காமல் எஞ்சினின் பிடிப்பிலேயே இறங்குவதுதான் முறை. கியர் நீண்டால் அந்தப் பிடிப்பும் அதே விகிதத்தில் தளர்கிறது. பிரேக்கின் நிலையும் இதுவே: டிஸ்க் பழைய அளவிலேயே இருக்க, அது நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிதாகிவிட்டதால், அதே வேகத்தில் நிறுத்த மிதியை முன்பைவிட அழுத்த வேண்டியிருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் முழுச் சுமையோடு இறங்குபவர்களுக்கு இது காகிதக் கணக்கு அன்று. கடைசி வளைவுகளில் மிதியின் உணர்வு மாறுவதில் இது தெரிகிறது. வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்சில் போகும்போது மட்டும் இந்தக் குறை மறைகிறது. ஜிம்னியின் லோ கியர் விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால், காட்டுப் பாதையில் நடை வேகத்தில் ஊரும் வேலைக்கு 235/75 டயரிலும் இழுவிசை போதுமானதாகவே இருந்தது. ஆக, இழப்பு முழுவதும் தார்ச்சாலையில் நிகழ்கிறது. நம்மில் பெரும்பாலோர் வண்டியை ஓட்டுவதும் அங்கேதான்.

வேகமானியைப் பற்றி ஒரு கணக்கு. மூல டயரில் அது துல்லியமாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், முள் 80-இல் நிற்கும்போது 215/75 டயரில் உண்மை வேகம் 81.2 கி.மீ.; 235/75 டயரில் 84.7 கி.மீ. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதும், கூட்டிக் காட்டினால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கி.மீ.யும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது என்பதும் ஐ.நா.வின் 39-ஆம் வாகன ஒழுங்குமுறையின் விதி. அதனால் நிறுவனங்கள் மீட்டரைச் சற்றே கூட்டிக் காட்டும்படி அமைக்கின்றன. 215/75 டயர் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது, 235/75 டயர் அதைத் தாண்டிவிடக்கூடும். எரிபொருள் கணக்கிலும் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய டயரோடு மீட்டரில் 400 கி.மீ. ஓடியிருந்தால் வண்டி உண்மையில் 423 கி.மீ. ஓடியிருக்கிறது, அதைத் திருத்தாமல் மைலேஜ் பெரிதும் விழுந்துவிட்டதாகச் சொல்வது டயருக்குச் செய்யும் அநீதி. திருத்திய பிறகும் மைலேஜ் குறையத்தான் செய்கிறது, ஆனால் பலர் சொல்லும் அளவுக்கு இல்லை.

தார்ச்சாலையைவிட்டு இறங்கிய பிறகு 235/75 டயர் தன் பெருமையைக் காட்டும் இடங்கள் உண்டு. உருண்டைக் கற்கள் நிறைந்த ஓடைப் படுகையில், காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து ஓட்டியபோது, அதன் 176 மி.மீ. பக்கச்சுவர் கற்களை வளைந்து உள்வாங்கிக்கொண்டு போனது. 161 மி.மீ. பக்கச்சுவருள்ள 215/75 டயரும் அதே வழியில் சென்றது. ஆனால் வண்டிக்குள் வந்த அதிர்ச்சி கூடுதலாக இருந்தது, ரிம்மைப் பற்றிய கவலையும் இருந்தது. தேரிப் பகுதியிலுள்ள உறவினரின் பனந்தோப்புக்குப் போகும் செம்மணல் வழியிலும், 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கியபோது, பெரிய டயர் மணலின் மேல் மிதந்து சென்றது. காற்றைக் குறைக்கும்போது டயர் தரையில் படும் பரப்பு அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது என்பதால், மணலில் உதவுவது 20 மி.மீ. அகலத்தைவிடக் கூடிய விட்டம்தான். இந்த ஒரு நிலத்தில் 235/75 டயருக்கு என் வாக்கைத் தயங்காமல் தருவேன்.

கரிசல் மண்ணில் கதை மாறுகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மானாவாரி நிலங்களில் மழைக்குப் பின் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த மண்ணின் பிடிவாதம் தெரியும். அது டயரின் பள்ளங்களை நிரப்பி, வீல் ஆர்ச்சுக்குள் அப்பிக்கொண்டு, சக்கரத்தையே நிறுத்தப் பார்க்கும். அங்கே அகன்ற டயர் கூடுதல் மண்ணை அள்ளிக்கொள்கிறது, பெரிய டயருக்கும் உறைக்கும் நடுவில் அந்த மண் வெளியேற இடமும் இல்லை. 215/75 டயர் மேல்மண்ணை அறுத்துக்கொண்டு கீழேயிருக்கும் கெட்டித் தரையைத் தொட்டுவிடுகிறது. எந்த ஏ.டி. டயரும் ஈரக் கரிசலுக்கென்று செய்யப்பட்டதன்று. இருந்தாலும், இரண்டில் ஒன்று என்றால் அங்கே குறுகியதே மேல். பழைய வில்லிஸ் ஜீப்புகள் போட்டிருந்த 6.00-16 டயரின் அகலம் வெறும் 6 அங்குலம். விட்டமோ ஏறத்தாழ 29 அங்குலம், அதாவது இன்றைய 235/75 ஆர்15 டயரின் விட்டத்துக்கு நெருக்கமானது. உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதே இலகுவான நாற்சக்கர இயக்க வண்டிக்கு ஏற்றது என்ற அந்தக் கால அறிவை இன்றைய டயர் பட்டியல்கள் நமக்கு எளிதில் தருவதில்லை. உயரம் வேண்டுமென்றால் அகலத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.

டயரின் எடை தாங்கும் குறியீட்டையும் கட்டமைப்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூல டயரின் குறியீடு 96. ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள். எந்த அளவுக்கு மாறினாலும் இந்த எண் குறையக் கூடாது. 215/75 ஆர்15 டயர்களில் பரவலாகக் கிடைக்கும் 100 என்பது 800 கிலோவைக் குறிக்கிறது, அது தாராளம். 235/75 அளவில் எல்.டி. (லைட் டிரக்) என்ற முன்னொட்டோடு வரும் டயர்கள் பாரம் ஏற்றும் வண்டிகளுக்கான தடித்த பக்கச்சுவர் கொண்டவை. 1,200 கிலோ வண்டியில் அவை வளையாமல் விறைத்து நிற்பதால், கரடுமுரடான பாதையில் நமக்கு வேண்டிய நெகிழ்வு கிடைப்பதில்லை. கூரான கற்கள் நிறைந்த குவாரிப் பாதையில் தினமும் போகிறவருக்கு அன்றி மற்றவர்களுக்கு அது வேண்டாம். டயர் அளவு மாறிய பிறகு, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள காற்றழுத்த எண் அப்படியே பொருந்தாது. டயரின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நேரான சமதளச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் காற்று குறைவு என்று தெரிந்துவிடும்.

உயர்த்திய ஜிம்னியின் ஸ்டீயரிங் பழக்கத்தையும் இந்தத் தேர்வோடு சேர்த்தே எண்ண வேண்டும். ஸ்பிரிங் நீளும்போது ரேடியஸ் ஆர்மின் கோணம் மாறி, காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைகிறது. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் குணம் மங்கி, நெடுஞ்சாலையில் வண்டி அலைகிறது. காஸ்டரைத் திருத்தும் புஷ் இல்லாத லிஃப்ட் கிட் முழுமையான கிட் ஆகாது. ஒரே துண்டு முன் ஆக்சில் உள்ள வண்டிகளில் தலைகாட்டும் ஸ்டீயரிங் நடுக்கமும் கனத்த டயரால் பெருகுகிறது. பேலன்சிங்கில் உள்ள சிறு பிழையைக்கூட 235/75 டயர் ஸ்டீயரிங்கில் கொண்டுவந்து காட்டிவிடுகிறது. 215/75 டயரில் அதே கிட், அதே அலைன்மென்ட் அமைப்போடு 100 கி.மீ. வேகத்தில் வண்டி அமைதியாக இருந்தது.

கிடைக்கும் வசதியைப் பொறுத்தவரை 215/75 ஆர்15 டயருக்கு இந்தியாவில் உள்ள வலிமை வேறு எந்த அளவுக்கும் இல்லை. மஹிந்திரா பொலேரோவின் அளவு அதுவே. பொலேரோ ஓடாத ஊர் நம் நாட்டில் ஏது? தாலுகா தலைநகரில் உள்ள டயர் கடையில்கூட அவசரத்துக்கு அந்த அளவில் ஏதாவது ஒரு டயர் கிடைத்துவிடும். 235/75 ஆர்15 முதல் தலைமுறை ஸ்கார்ப்பியோவில் வந்த அளவு. பெருநகரக் கடைகளில் கிடைக்கிறது, சிற்றூர்களில் அரிது. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்த பிறகு, வெளிநாட்டு ஏ.டி. டயர்களை நம்பித் திட்டமிடுவது கடினமாகிவிட்டது. இந்தியாவிலேயே தயாராகும் அளவைத் தேர்ந்தெடுப்பவருக்கு மூன்று ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு டயர் கிழிந்தாலும் அதே டயரை மறுபடி வாங்க முடியும் என்ற நிம்மதி இருக்கிறது.

அந்த நிம்மதி ஜிம்னியில் வெறும் வசதி சார்ந்ததன்று. அதன் நாற்சக்கர இயக்கத்தில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. 4 எச் (நாற்சக்கர இயக்கம், ஹை ரேஞ்ச்) அல்லது 4 எல் (லோ ரேஞ்ச்) போட்டவுடன் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்பட்டுவிடுகின்றன. ஒரு டயர் மட்டும் வேறு விட்டத்தில் இருந்தால், அந்த வித்தியாசம், எஞ்சினின் விசையை இரு ஆக்சில்களுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கமாகச் சேர்கிறது. தோற்றத்துக்காகப் பின்னால் மட்டும் பெரிய டயர் போடுவதை இந்த வண்டியில் ஒருபோதும் செய்யக் கூடாது. ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்க வேண்டும். 235/75 என்றால் அந்தக் கனத்த ஸ்டெப்னியைச் சுமக்கும் பின்கதவின் கீல்களையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு பதிவுச் சான்றிதழ் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. லிஃப்ட் கிட்டே இந்தக் கேள்விக்குள் வருகிறது என்பதால், பொருத்துவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். வெட்டிய பம்பரும் வெளியே நீட்டிய சக்கரமும் சோதனைச் சாவடியில் முதலில் கண்ணில் படுகின்றன. விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளரின் கண்ணிலும் அவையே முதலில் படுகின்றன.

30 அங்குலம், 31 அங்குலம் என்று மேலே போக விரும்புகிறவர்களுக்கு இந்த மதிப்புரையில் சொல்ல அதிகம் இல்லை. 30 அங்குல டயர் மூல அளவைவிட 10 விழுக்காடு பெரியது. டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்களை மாற்றாமல் இந்த எஞ்சினில் அதைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலைநாளில் நகரத்திலும் விடுமுறையில் மலையிலும் தோட்டத்திலும் ஓடும் 2 அங்குல ஜிம்னிக்கு, மூல ரிம்மிலேயே 215/75 ஆர்15 ஏ.டி. டயரைப் போடுங்கள், ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் அதற்குத் தருகிறேன். குறைத்த அரை மதிப்பெண் கற்படுகையில் அது தரும் கடினமான சவாரிக்காக. 235/75 ஆர்15 டயருக்கு, நீட்டிய பம்ப் ஸ்டாப், காஸ்டர் புஷ், 6 அங்குலத்துக்குக் குறையாத ரிம், சீர்செய்த பம்பர் ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் மூன்றரை. அவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதை வாங்க வேண்டாம் என்பேன். எதை வாங்கினாலும் ஐந்தாக வாங்குங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரமும் ஆண்டும் ஐந்திலும் நெருக்கமாக இருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். 8,000 கி.மீ. அல்லது 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால், ஐந்தும் ஒரே அளவில் தேயும். எந்த இடத்தில் பஞ்சர் ஆனாலும் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு 4 எச் போட்டுத் தயக்கமில்லாமல் மேலே ஏறலாம்.